வீட்டில் மூலிகைச் செடிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூலிகை என்று இங்கே சொல்வது மருந்துச் சரக்கை அல்ல. புதினா, கொத்தமல்லி, துளசி, பேசில், கற்பூரவள்ளி, எலுமிச்சைப்புல், ரோஸ்மேரி, தைம் மாதிரி, அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருக்கும்போது ஓடிப்போய் இரண்டு இலை கிள்ளிவரும் வாசனைச் செடிகளைத்தான். இத்தனை வருடங்களில் நண்பர்களும் உறவினர்களும் கேட்ட கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், வேறு வேறு வேஷத்தில் வருகிறது: "நல்லாத்தானே பார்த்துக்கிட்டேன், ஏன் செத்துப்போச்சு?" அளவுக்கு மீறிப் பார்த்துக்கொண்டதால்தான் செத்தது என்று சொன்னால் கோபம் வரும். ஆனாலும் பெரும்பாலும் அதுதான் காரணம்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். எந்தச் செடியில் தொடங்கலாம்?

கற்பூரவள்ளி. யோசிக்கவே வேண்டாம். ஒரு கிளையை ஒடித்து, கீழ் இலைகளை உதிர்த்துவிட்டு, ஈர மண்ணில் குத்தி நிழலில் வைத்தால் இரண்டு வாரத்துக்குள் வேர்பிடித்துவிடும். அதன் தடித்த இலையே ஒரு தண்ணீர்த் தொட்டி, நீங்கள் நான்கு நாள் மறந்தாலும் மன்னித்துவிடும். இரண்டாவதாகப் புதினா. மூன்றாவதாக உங்களுக்கு எது அதிகம் சமையலில் தேவையோ அது. மூன்றே செடிகள் போதும். முதல் வாரத்திலேயே பதினைந்து விதைப் பொட்டலம் வாங்கி வந்து, இரண்டாவது மாதம் பதினைந்து காலித் தொட்டிகளோடு உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதில் நானும் ஒருவன்.

எல்லாமே மூலிகைதானே, ஒரே மாதிரி பார்த்துக்கொண்டால் போதாதா?

போதாது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தேவைப்படாது.

புதினாத் தண்டு ஒன்றை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். உருளாது, தட்டும். நான்கு முனையுள்ள சதுரத் தண்டு அது. துளசி, பேசில், கற்பூரவள்ளி, சேஜ், இளம் ரோஸ்மேரி எல்லாவற்றிலும் அந்தச் சதுரம் ஏதோ ஓர் அளவில் தெரியும். இவை எல்லாம் ஒரே குடும்பம், புதினாக் குடும்பம். தண்டை வெட்டி வைத்தால் வேர்விடுவது இந்தக் குடும்பத்தின் குணம்.

கொத்தமல்லி, பார்சிலி, சதகுப்பை மூன்றும் வேறு குடும்பம், கேரட்டின் சொந்தக்காரர்கள். குடை விரித்தது போலப் பூப்பார்கள். கேரட்டைப் போலவே ஒற்றை ஆணிவேரை ஆழமாக இறக்குவார்கள், அதனால் பிடுங்கி நடுவது பிடிக்காது. தண்டு வைத்தும் பயனில்லை. எங்கே வளர வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும்.

இதற்குமேல் தண்ணீர்க் கணக்கு ஒன்று இருக்கிறது. இலை மெல்லியதாக, அகலமாக இருந்தால் தண்ணீர் அதிகம் கேட்கும்: புதினா, பேசில், கொத்தமல்லி, வல்லாரை. இலை ஊசி போலவோ, தோல் போலவோ, சாம்பல் பூத்தோ, தடித்தோ இருந்தால் வறட்சி பழகிய செடி: ரோஸ்மேரி, தைம், சேஜ், ஆரிகனோ, கற்பூரவள்ளி. இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே தொட்டியில் நட்டால் ஒன்று வாடும், இல்லையென்றால் மற்றது அழுகும். ஒரே சட்டியில் ஐந்து மூலிகை அழகாக நிற்கிற படங்களை நம்பாதீர்கள். நட்ட அன்று எடுத்த படம் அது.

எவ்வளவு வெயில் வேண்டும்? எனக்கு ஒரே ஒரு ஜன்னல்தான்.

பேசில், துளசி, ரோஸ்மேரி, தைம், எலுமிச்சைப்புல் எல்லாவற்றுக்கும் ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். புதினா, கொத்தமல்லி, பார்சிலி மூன்று நான்கு மணி நேரத்திலேயே சமாளிக்கும், கடும் கோடையில் மதிய நிழல் கிடைத்தால் அவற்றுக்குச் சந்தோஷம்தான்.

வெளிச்சம் போதவில்லை என்பதைச் செடியே சொல்லும். கணுக்களுக்கு நடுவில் தண்டு நீளும், இலை சிறுத்து வெளுக்கும், முழுச் செடியும் கண்ணாடிப் பக்கம் சாயும். ஜன்னல் மட்டும்தான் என்றால் வெள்ளை எல்இடி விளக்கைச் செடியின் தலைக்குமேல் 15 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். ஊதா விளக்குதான் வேண்டும் என்பதில்லை. ஓர் எச்சரிக்கை: வீட்டுக்குள் வளர்ந்த செடியை ஒரே நாளில் வெயிலில் தூக்கி வைத்தால் இலை வெந்து வெள்ளைத் திட்டாகும். முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு என்று ஒரு வாரம் பழக்குங்கள்.

எந்தத் தொட்டி, எவ்வளவு ஆழம்?

அடியில் ஓட்டை இருக்கிற எதுவும் தொட்டிதான். புதினாவுக்கு ஆழத்தைவிட அகலம் முக்கியம், 15 செ.மீ. ஆழமே போதும். கொத்தமல்லிக்கு ஆணிவேர் இறங்க 20 செ.மீ.யாவது வேண்டும். ரோஸ்மேரி, எலுமிச்சைப்புல், கறிவேப்பிலைக்கு 30 செ.மீ.க்குக் குறையாமல், வருடம் போகப்போகப் பெரிதாக.

மண் தொட்டி பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும், சீக்கிரம் காயும். அதனால் தைம், ரோஸ்மேரிக்கு மண் தொட்டி, புதினாவுக்கு பிளாஸ்டிக் என்று பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. அழகான பீங்கான் சட்டியில் ஓட்டை இல்லையென்றால் அதை வெளிச்சட்டியாக மட்டும் வையுங்கள்.

தொட்டிக்கு அடியில் ஜல்லி, ஓட்டாஞ்சில்லு போட்டால் தண்ணீர் நன்றாக வடியுமாமே?

எல்லோரும் சொல்வார்கள், நானும் பல வருடம் போட்டேன். நடப்பது நேர்மாறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள ஜல்லிக்குள் தண்ணீர் அவ்வளவு எளிதில் இறங்காது. மண் முழுக்க ஊறி நிறைந்த பிறகுதான் சொட்டும். ஆக, தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய சேற்றுப் பகுதியை ஜல்லி வேருக்குப் பக்கத்தில் தூக்கிக் கொடுத்துவிடுகிறது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சைத் தண்ணீரில் முக்கிச் சல்லடை மேல் வையுங்கள், கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும், ஆனால் பஞ்சின் அடிப்பாகம் நனைந்தேதான் இருக்கும். அதே கதை. ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலையோ ஒரே ஒரு ஓட்டுத் துண்டோ போதும்.

மண் கலவை?

தோட்டத்து மண்ணை மட்டும் அள்ளித் தொட்டியில் போட்டால் நாலு தண்ணீரில் இறுகிச் செங்கல் ஆகிவிடும். தண்ணீர் கேட்கும் கூட்டத்துக்கு: மண் ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு, மக்கிய உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு. வறட்சி பழகிய கூட்டத்துக்கு: மண் ஒரு பங்கு, பருமணலோ பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் குருணையோ ஒரு பங்கு, உரம் அரைப் பங்கு. மணல் என்றால் குருணை போலப் பரபரவென்று இருக்க வேண்டும். மாவு போன்ற மணல் போட்டால் இன்னும் இறுகும். நார்த்தூளைப் பயன்படுத்தும் முன் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடுங்கள், சிலவற்றில் உப்பு இருக்கும்.

தினமும் தண்ணீர் ஊற்றலாமா?

கிழமை பார்த்து ஊற்றாதீர்கள், விரலை வைத்துப் பார்த்து ஊற்றுங்கள். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். புதினா, கொத்தமல்லி, பேசில் தொட்டியில் முதல் கணு அளவுக்கு உலர்ந்திருந்தாலே ஊற்றலாம். ரோஸ்மேரி, தைம் தொட்டியில் இரண்டு கணுவும் உலர வேண்டும். ஊற்றினால் அடி ஓட்டையில் சொட்டும் வரை ஊற்றுங்கள், அப்புறம் நிறுத்துங்கள். தினம் அரை டம்ளர் தெளிப்பது மோசமான பழக்கம். மேல் மண் நனைந்து பளபளவென்று தெரியும், அடி வேர் காய்ந்து கிடக்கும்.

அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். சின்னத் தொட்டி என்றால் கையால் தூக்கிப் பாருங்கள். ஒரு வாரம் தூக்கிப் பழகினால் எடையை வைத்தே ஈரம் தெரிந்துவிடும், விரல் அழுக்காகாது.

வாடியிருப்பதைப் பார்த்ததும் குடத்தைத் தூக்குகிறோமே, அங்கேதான் தவறு நடக்கிறது. வேர் அழுகினாலும் செடி வாடும், ஏனென்றால் அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. மண் ஈரமாக இருந்தும் வாடினால் தண்ணீரை நிறுத்துங்கள். மதிய வெயிலில் மட்டும் பேசில் துவண்டு, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்தால் அது அவசர நிலையே இல்லை.

கொத்தமல்லி முளைப்பதே இல்லை. முளைத்தாலும் ஒரு மாதத்தில் பூத்துவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

முளைப்பதை முதலில் பார்ப்போம். கொத்தமல்லி விதை என்று நாம் சொல்லும் உருண்டை உண்மையில் ஒரு காய், அதற்குள் இரண்டு விதைகள் இருக்கின்றன. ஒரு துணியில் போட்டு, செருப்பாலோ உருளைக்கட்டையாலோ மெல்ல அழுத்தி இரண்டாகப் பிளக்க வேண்டும், பொடியாகக் கூடாது. ஓர் இரவு ஊறவைத்து, ஒரு செ.மீ. ஆழத்தில் போட்டு, மண் காயாமல் பார்த்துக்கொண்டால் 7 முதல் 15 நாளில் புல் போன்ற இரண்டு நீட்டு இலையோடு எட்டிப் பார்க்கும். மசாலா டப்பாவில் இருக்கும் தனியாவும் முளைக்கலாம், ஆனால் எத்தனை வருடப் பழசு என்று தெரியாது. பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்துச் சோதித்துவிட்டு இறங்குங்கள்.

இனி பூப்பது. அது உங்கள் தவறில்லை. கொத்தமல்லிக்கு ஆயுள் அவ்வளவுதான். விதைத்து 40, 50 நாளில் இலை தந்துவிட்டு, பிறகு பூத்து, விதை வைத்துப் போவதற்காகவே பிறந்த செடி அது. வெயில் ஏறினாலோ, பகல் நீண்டாலோ, வேர் ஒருமுறை காய்ந்தாலோ, பிடுங்கி நட்டாலோ இன்னும் அவசரப்படும். அகல இலை நின்று, சதகுப்பை மாதிரி நூல் நூலாக இலை வர ஆரம்பித்தால் முடிவெடுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டினாலும் திரும்பாது. ஆகவே ஒரே செடியைக் காப்பாற்றப் போராடாமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி விதைத்துக்கொண்டே இருங்கள். மூன்று தொட்டிகள் சுழன்றால் எப்போதும் இலை இருக்கும்.

பூத்ததைப் பிடுங்கி எறியவும் வேண்டாம். அந்தச் சின்ன வெள்ளைப் பூவைத் தேடி மிதவை ஈக்கள் வரும், அவற்றின் புழுக்கள் செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சியைத் தின்னும். பிறகு வரும் பச்சைக் காயைக் கடித்துப் பாருங்கள், இலையும் தனியாவும் கலந்த ஒரு வாசனை, கடையில் கிடைக்காத சரக்கு. வேரையும் கழுவி அரைத்துச் சேர்க்கலாம்.

கொத்தமல்லி சோப்பு மாதிரி நாறுகிறது என்கிறார் வீட்டில் ஒருவர். நடிப்பா?

நடிப்பில்லை. அதன் வாசனையில் ஆல்டிஹைடுகள் இருக்கின்றன, சோப்பு வாசனையிலும் அதே வகைச் சேர்மங்கள் உண்டு. சிலருக்கு மரபணு வேறுபாட்டால் அது தூக்கலாகத் தெரியும். நன்றாக அரைத்துக் கொஞ்ச நேரம் வைத்தால் ஓரளவு குறையும். அதற்கும் ஒத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குப் பார்சிலி.

புதினாவை மற்றச் செடிகளோடு தரையில் நடலாமா?

நடலாம், பிறகு அது புதினாத் தோட்டம் ஆகிவிடும். மண்ணுக்கு அடியிலும் மேலுமாகக் கொடி போன்ற தண்டுகளை ஓடவிட்டு, கணுவுக்குக் கணு வேரூன்றிப் போய்க்கொண்டே இருக்கும். தரையில்தான் வேண்டும் என்றால் தனியாக ஒரு தொட்டியில் நட்டு, தொட்டியோடு புதையுங்கள், விளிம்பு இரண்டு விரல் மேலே தெரியட்டும். விளிம்பைத் தாண்டும் தண்டை அவ்வப்போது வெட்டுங்கள்.

சமையலுக்கு வாங்கிய கட்டிலிருந்தே செடி வந்துவிடும். உறுதியான நான்கு தண்டை எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டி, கீழ் இலையை நீக்கி, ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கணுவிலிருந்து வெள்ளை வேர் நூல் நூலாக வரும். விதை தேடி அலைய வேண்டாம். பெப்பர்மிண்ட் என்கிற வகை இரண்டு புதினாக்களின் கலப்பு, அதற்கு முளைக்கும் விதையே உருவாவதில்லை, தண்டு வைத்துத்தான் உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்து, வேர் உருண்டையைக் கத்தியால் நாலாக வெட்டி, ஒரு பங்கை மட்டும் புது மண்ணில் வைத்தால் மறுபடி இளமையாகிவிடும்.

கடையில் தொட்டியோடு வாங்கிய பேசில் பத்து நாளில் செத்துவிட்டது. ஏன்?

அது ஒரு செடி இல்லை, கூட்டம். அடர்த்தியாகத் தெரிவதற்காக ஒரே சின்னத் தொட்டியில் இருபது விதை வரை போட்டு, பசுமைக்குடிலில் வேகமாக வளர்த்து அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் இடத்துக்கும் தண்ணீருக்கும் அவற்றுக்குள்ளேயே சண்டை. வாங்கிய அன்றே நன்றாக நனைத்து, வேரை மெல்லப் பிரித்து, நான்கைந்து நாற்றாக ஒரு தொட்டிக்கு என்று நடுங்கள். சில சாகும், மீதி பிழைக்கும்.

விதையிலிருந்தும் சுலபம்தான். திருநீற்றுப்பச்சையும் கடைகளில் பேசில் என்று விற்பதும் ஒரே இனம், வகைதான் வேறு. விதையை மண்மேல் தூவித் தண்ணீர் தெளித்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், ஒவ்வொரு கருப்பு விதையும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு கொழகொழ உறை போட்டுக்கொண்டிருக்கும். ஈரத்தைப் பிடித்துவைக்க அது செய்யும் வேலை. மேலே மண்ணைக் கனமாக மூடாதீர்கள், லேசாக ஒரு தூவல் போதும்.

ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ள வேண்டும். இங்கேதான் எல்லோரும் தயங்குகிறார்கள். கணுவை உற்றுப் பாருங்கள், எதிரெதிராக இரண்டு பெரிய இலை, அந்த இலைக்காம்பு தண்டில் சேரும் இடுக்கில் அரிசி முனை அளவுக்கு ஒரு குட்டித் துளிர், இருபக்கமும். அந்தக் கணுவுக்கு அரை செ.மீ. மேலே வெட்டினால் இரண்டு துளிரும் இரண்டு கிளையாகும். அடுத்த முறை இரண்டையும் வெட்டினால் நான்கு. வெட்டாமல் கீழிருக்கும் பெரிய இலையை மட்டும் பறித்துக்கொண்டே வந்தால், குடை மாதிரி உச்சியில் நாலு இலையோடு நிற்கும், பிறகு பூத்துக் கதையை முடித்துக்கொள்ளும். பூங்கொத்து தெரிந்தாலும் கிள்ளிவிடுங்கள். துளசிக்கும் இதே வைத்தியம்.

ரோஸ்மேரியை எப்படி உயிரோடு வைத்திருப்பது?

கண்டுகொள்ளாமல் இருந்து. என்னுடைய முதல் ரோஸ்மேரி தினத் தண்ணீரில் செத்தது. இரண்டாவதைக் "கவனமாக" இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊற்றிக் கொன்றேன். மூன்றாவதைக் கோபத்தில் வெயில் மூலையில் தள்ளிவிட்டு மறந்தேன், அதுதான் இப்போது இடுப்பு உயரம் நிற்கிறது. இந்தச் செடியின் ஏமாற்று வேலை என்னவென்றால், செத்த பிறகும் பச்சையாகவே தெரியும். வேர் அழுகி இரண்டு வாரம் கழித்துத்தான் இலை பழுப்பாகும், நாமோ அதைப் பார்த்துவிட்டுக் காய்கிறதே என்று இன்னும் ஊற்றுவோம்.

வடிகால், வெயில், காற்றோட்டம் மூன்றும் வேண்டும். விதை மெதுவாக முளைக்கும், பாதி முளைக்காது. பூக்காத இளங்கிளையை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப்பாதி இலையை உருவிவிட்டு, ஈர மணலில் குத்தி வையுங்கள், நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். வெட்டும்போது இலை உள்ள பகுதிக்குள்ளேயே வெட்டுங்கள். இலையே இல்லாத பழைய மரத்தண்டு வரை வெட்டினால் மறுபடி துளிர்க்காமல் போகலாம். 2017-ல் தாவரவியலாளர்கள் இதைச் சேஜ் இருக்கும் சால்வியா பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், பழைய புத்தகத்தில் பெயர் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, மறுநாள் இலையைக் காணோம்!

அந்த எச்சம்தான் இலையைத் தின்றது. வால்சிறகு வண்ணத்துப்பூச்சியின் புழு அது. தாய் வந்து இளந்துளிரில் ஒன்றிரண்டாக வெளிர்மஞ்சள் முட்டை இடும், கடுகைவிடச் சின்னது. வரும் புழு கருப்பும் வெள்ளையுமாகப் பறவை எச்சம் போலவே இருக்கும், பறவை தன் எச்சத்தைத் தின்னாது என்கிற நம்பிக்கையில். கடைசியாகத் தோலுரித்ததும் பளிச்சென்ற பச்சைக்கு மாறும். குச்சியால் தொட்டுப் பாருங்கள், தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சோ சிவப்போ நிறத்தில் கவை போன்ற ஒன்றை நீட்டி ஒரு துர்நாற்றம் விடும், அவ்வளவுதான் அதன் ஆயுதம்.

சின்னச் செடியென்றால் கையால் எடுத்துவிடுங்கள், இரண்டு புழு போதும் முழுக்க மொட்டையாக்க. பெரிய செடியென்றால் விட்டுவிடலாம், துளிர்த்துக்கொள்ளும், உங்களுக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி மிச்சம்.

அசுவினி, வெள்ளை ஈ, செம்பேன் வந்தால் என்ன அடிப்பது?

முதலில் வெறும் தண்ணீர். இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் பீச்சி அடித்து, மூன்று நாள் தொடர்ந்தால் அசுவினியில் பெரும்பகுதி போய்விடும். போகவில்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவ சோப்பு. அதற்கும் மிஞ்சினால், ஒரு லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயை அதே சோப்போடு நன்றாகக் கலக்கி மாலையில் தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். ஒரு கிளையில் அடித்துப் பார்த்துவிட்டு மறுநாள் மற்றதில் அடியுங்கள். சாப்பிடும் இலை என்பதை மறக்காமல் சில நாள் விட்டு, கழுவிப் பயன்படுத்துங்கள். அலங்காரச் செடிக்கு வாங்கிய ரசாயனத்தை இதில் தொடவே கூடாது.

தொட்டியைச் சுற்றிக் கொசு மாதிரிக் கருப்பு ஈக்கள் பறந்தால் அது பூச்சிப் பிரச்சினை இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை. மேல் மண் எப்போதும் சொதசொதவென்று இருப்பதால் அங்கே முட்டையிடுகின்றன. மேலே இரண்டு விரல் அளவு காயவிடுங்கள், அடங்கிவிடும்.

உரம் எவ்வளவு?

குறைவாக. இந்தச் செடிகளில் நமக்கு வேண்டியது இலையின் எடை இல்லை, வாசனை. புதினாக் குடும்பத்தில் வாசனை எண்ணெய் இலைமேல் இருக்கும் நுண்ணிய சுரப்பிகளில் சேர்கிறது. தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும், வாசனை சப்பென்று ஆகும், அசுவினிக்கும் விருந்து. அடிக்கடி வெட்டும் புதினா, பேசிலுக்கு மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். ரோஸ்மேரி, தைமுக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

எப்போது, எவ்வளவு பறிக்கலாம்?

காலையில், பனி உலர்ந்த பிறகு, வெயில் சுடுவதற்கு முன். ஒரே முறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பார்சிலி, கொத்தமல்லியில் வெளிப்பக்கக் காம்புகளை அடியோடு வெட்டுங்கள், நடுக்குருத்தைத் தொடாதீர்கள். எலுமிச்சைப்புல்லில் கையை இலையோடு உருவாதீர்கள், ஓரம் கத்தி மாதிரி அறுக்கும்.

பறித்ததை எப்படி வைத்திருப்பது?

கொத்தமல்லி, பார்சிலி, புதினாவைப் பூங்கொத்து போல டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, மேலே ஒரு பை கவிழ்த்து ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் வரும். பேசிலை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் கருத்துவிடும். அதே டம்ளர், சமையலறை மேடை, போதும். பல நேரம் அங்கேயே வேரும் விட்டுவிடும்.

உலர்த்த ஏற்றவை ரோஸ்மேரி, தைம், ஆரிகனோ, சேஜ், புதினா. நிழலில், காற்றோட்டமாக, மெல்லிய கொத்தாக. நொறுக்கினால் சத்தம் வர வேண்டும், அப்புறம்தான் டப்பா. கொத்தமல்லியும் பேசிலும் உலர்த்தினால் வைக்கோல்தான் மிஞ்சும். அவற்றை நறுக்கி, ஐஸ் தட்டில் போட்டு, எண்ணெயோ தண்ணீரோ ஊற்றி உறையவைத்துவிடுங்கள், ஒரு கட்டியை நேராகச் சட்டியில் போடலாம்.

பச்சை இலையை எண்ணெய் பாட்டிலில் ஊறப்போட்டு அலமாரியில் வைக்கலாமா?

வேண்டாம், இதில் நான் கொஞ்சம் கறார். மண்ணிலிருந்து வரும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்கிற கிருமியின் வித்துகள் இலையிலும் பூண்டிலும் இருக்கலாம். அவை காற்றில்லாத, புளிப்பில்லாத, ஈரமுள்ள இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும். எண்ணெயில் மூழ்கிய பச்சை இலை அப்படிப்பட்ட இடம்தான். கெட்டுப்போன வாசனைகூட வராது. செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள், அல்லது உறையவையுங்கள். வினிகரில் ஊறப்போடுவது வேறு, அதன் புளிப்பே காவல்.

சமையலில் எப்போது சேர்ப்பது? உலர்ந்தது எவ்வளவு?

மெல்லிய இலை என்றால் அடுப்பை அணைத்த பிறகு. கடின இலை என்றால் ஆரம்பத்திலேயே. தண்ணீர்க் கணக்குக்குப் பிரித்த அதே இரண்டு கூட்டம்தான் இங்கேயும். பச்சையாக மூன்று தேக்கரண்டி என்றால் உலர்ந்தது ஒரு தேக்கரண்டி. மொட்டைக் கத்தியால் பேசிலை நசுக்கினால் கருக்கும், கையால் கிள்ளிப் போடுங்கள். தேநீருக்கு இலையைக் கொதிக்கவைக்காமல், கொதித்த தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். மூடாவிட்டால் வாசனை ஆவியோடு போய்விடும், வீடு மணக்கும், டம்ளர் மணக்காது.

மருந்தாகவும் எடுத்துக்கொள்ளலாமா?

சாப்பாட்டு அளவில் பயமில்லை. ஆனால் இயற்கைதானே என்று கெட்டியாகக் காய்ச்சித் தினமும் குடிப்பது வேறு விஷயம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர்கள் திடீரென்று பார்சிலியைக் குவித்துச் சாப்பிடக்கூடாது, அதிலுள்ள வைட்டமின் கே மருந்தோடு மோதும். நெஞ்சு எரிச்சல் உள்ளவர்களுக்குப் பெப்பர்மிண்ட் அதைக் கூட்டலாம். கைக்குழந்தையின் மூக்கருகே மெந்தால் உள்ள எதையும் கொண்டுபோகாதீர்கள், மூச்சுத்திணறல் வரலாம். கர்ப்பிணிகளும், தொடர் மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் குடியுங்கள். கடையில் விற்கும் வாசனை எண்ணெய் இலைக்குச் சமம் இல்லை, அதைச் சாப்பாட்டில் விடாதீர்கள்.

வீட்டில் பூனை, நாய் இருக்கிறது.

வெங்காயக் குடும்பத்துச் செடிகளை, சைவ்ஸ் உட்பட, எட்டாத இடத்தில் வையுங்கள். பூனைக்கும் நாய்க்கும் ரத்தச் சிவப்பணுக்களைக் கெடுக்கும். கற்பூரவள்ளியைத் தின்றாலும் வாந்தி, பேதி வரலாம். பூனை தொட்டி மண்ணைக் கழிவறையாக்கினால் மேலே பெரிய கூழாங்கற்களைப் பரப்புங்கள். ஜல்லிக்கு ஒரு வழியாக ஒரு வேலை கிடைத்தது.

ஒரு வாரம் ஊருக்குப் போகிறோம். செடிகள்?

எல்லாத் தொட்டியையும் நிழலில் நெருக்கமாகச் சேர்த்து வையுங்கள், ஒன்றன் ஈரம் இன்னொன்றைக் காக்கும். நன்றாக நனைத்து, மேலே காய்ந்த இலையோ நாரோ பரப்புங்கள். புதினாவுக்கும் பேசிலுக்கும் ஒரு வாளித் தண்ணீரைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, தடித்த பருத்திக் கயிற்றின் ஒரு முனையை வாளி அடிவரை விட்டு, மறு முனையைத் தொட்டி மண்ணில் நான்கு விரல் ஆழம் புதைத்துவிட்டால் அது பாட்டுக்கு உறிஞ்சிக்கொள்ளும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கட்டிப் பாருங்கள், எனக்கு முதல் முறை கயிறு பாலியெஸ்டர் என்று திரும்பி வந்து காய்ந்த புதினாவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. கட்டுவதற்கு முன் கயிற்றை ஒருமுறை முழுக்க நனைத்துவிடுங்கள். ரோஸ்மேரிக்கு மட்டும் கயிறு கட்டாதீர்கள்.